தெளிந்த நீரின் ரகசியம்

கலங்கிய குளத்து நீரைத் தெளிய வைப்பதற்கு நம் பாட்டிமார் ஒரு வழி வைத்திருந்தார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் நன்றாய்த் தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால், சேறும் மண்ணும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீர் பளிங்கு போலிருக்கும். அப்படித் தெளிந்துவிட்ட நீருக்குள் என்ன இருக்கிறது என்று பாட்டியைக் கேட்டால், நீர்தான் இருக்கிறது என்பாள். அது பாதி விடைதான். நீரில் மிதப்பதற்கும் கரைவதற்கும் உள்ள பேதம் பெரிது. மிதப்பது துணியில் வடிகட்டினால் தங்கும், கரைந்தது தங்காது. கண்ணுக்கும் தென்படாது.

ஒரு பலகையின்மேல் மூன்று கண்ணாடித் தம்ளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றிலும் தெளிந்த நீர். ஒன்றில் சமையலுப்பு கரைந்திருக்கிறது. இரண்டாவதில் வீரம் என்று சித்த வைத்தியர்கள் சொல்லும் பாதரஸ உப்பு. ஆளைக் கொல்லும் விஷம். மூன்றாவதில் வெள்ளி, நைட்ரேட் என்னும் உப்பாகக் கரைந்து நிற்கிறது. நிறத்தாலும் மணத்தாலும் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. நாக்கில் விட்டுப் பார்க்கலாமென்றால், பரீக்ஷை செய்தவர் முடிவை எழுதி வைப்பதற்கு இருப்பாரோ, மாட்டாரோ!

இத்தகைய நீரிடமிருந்து உண்மையை வரவழைப்பதற்கு ரஸாயன சாஸ்திரிகள் கண்ட உபாயம் மிகவும் எளியது. கரைந்து நிற்கும் பொருளைக் கரையாத பொருளாக மாற்றிவிடுவது, அவ்வளவுதான். மூன்றாவது தம்ளரிலிருந்து சில துளிகளை எடுத்து, உப்பு நீரில் விட்டுப் பாருங்கள். இரண்டு தெளிந்த நீர்களும் கலந்த அக்கணத்திலேயே, பால் திரிந்தாற்போல் வெள்ளைத் திப்பிகள் தோன்றி மெல்ல அடியில் இறங்கும். இப்படி இறங்குவதற்கு வீழ்படிவு என்று பெயர்.

என்ன நடந்தது? உப்பு நீரில் கரையும்போது உப்பாகவே இருப்பதில்லை. மின்சாரம் ஏறிய இருவகை நுண்துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. அயனிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். ஸோடிய அயனி ஒருபுறமும் குளோரைடு அயனி ஒருபுறமும் தனித்தனியே திரிகின்றன. வெள்ளி நைட்ரேட்டும் அவ்வாறே பிரிந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்ததும் வெள்ளி குளோரைடைச் சந்திக்கிறது. சந்தித்தபின் அவ்விரண்டும் நீரில் பிரிந்து திரிய மனமில்லாமல் கெட்டியாய் இணைந்து விழுந்துவிடுகின்றன. ஒரு லிட்டர் நீரில் சமையலுப்பு ஏறக்குறைய 360 கிராம் கரையும். வெள்ளி குளோரைடோ இரண்டு மில்லிகிராம்கூடக் கரைவதில்லை. இத்தனை பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் சோதனை சாத்தியமாகிறது.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. அன்னபேதியைக் கடுக்காய்க் கஷாயத்தில் போட்டு மை காய்ச்சியவர்கள் நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள். அன்னபேதியிலுள்ள இரும்பு, கடுக்காயின் துவர்ப்புப் பொருளுடன் சேர்ந்து கறுப்பதுதான் அந்த மை. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பவர் இதையே கலப்படம் கண்டுபிடிக்கும் வழியாக எழுதி வைத்திருக்கிறார். செம்பின் பச்சைக் களிம்பில் அன்னபேதியைக் கலந்து விற்கும் வியாபாரிகள் அங்கும் இருந்தார்களாம். மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய தாளில் அந்தக் களிம்பைத் தடவினால், இரும்பு கலந்திருக்கும்பக்ஷத்தில் தாள் கறுத்துவிடும். கலப்படம் பழைய தொழில். அதைப் பிடிக்கும் தொழிலும் அதே அளவு பழையதென்பது ஒரு ஆறுதல்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. வீரம் கரைந்த இரண்டாவது தம்ளரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டாலும் அதே வெள்ளைத் திப்பிகள் விழும். ஏனெனில் அதிலும் குளோரைடு இருக்கிறது. வெள்ளி கூறும் சாட்சியம் குளோரைடைப் பற்றி மட்டுமே; அதன் கூட்டாளி சாதுவான ஸோடியமா, கொடிய பாதரஸமா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறொரு கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் இதே தொல்லைதான். இனந்தெரியாத கரைசலொன்றில் உப்புத் திராவகத்தை விடுகிறோம், வெண்படிவு விழுகிறது. வெள்ளி என்று துள்ளிக் குதித்துவிடக்கூடாது. காரீயமும் இத்திராவகத்தில் வெள்ளையாகவே விழும். பாதரஸம் அதன் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்குமானால் அதுவும் வெள்ளையாகவே விழும். அப்படி விழுவதுதான் நம் வைத்தியர்கள் பூரம் என்று சொல்லும் பொருள். பூரமும் வீரமும் ஒரே பாதரஸமும் ஒரே குளோரினும் கூடியவைதாம். கூடியிருக்கும் விகிதம் வேறு. வீரம் நீரில் கரையும். ஆகையால் உடலில் விரைவாய் ஏறிக் கொல்லும். பூரம் கரைவதே அரிது; ஆகையால் ஒரு காலத்தில் அதை மேல்நாட்டு டாக்டர்களும் பேதி மருந்தாகவே கொடுத்துவந்தார்கள். கொடுத்தது நல்லதென்று சொல்லவில்லை, அதுவும் விஷமே. என்றாலும் மருந்துப் பெட்டியில் அருகருகே இருந்த இரண்டு வெண்பொடிகளுக்கிடையே உயிர் நிற்பதும் போவதும் கரைவதைப் பொறுத்திருந்தது.

மூன்று வெண்படிவுகளையும் பிரித்தறிவது எப்படி? கொதிநீரை ஊற்றினால் காரீயப் படிவு கரைந்துவிடும்; மற்றவை கரையா. மிஞ்சியதில் அம்மோனியா நீரை விட்டால், வெள்ளியின் படிவு சுவடின்றிக் கரையும். பூரமோ அந்த இடத்திலேயே கறுத்துப் போகும். முதற்கேள்விக்கு மூவரும் ஒரே மாதிரி விடையளித்தார்கள். அடுத்த இரண்டு கேள்விகளில் மூவரும் பிரிந்துவிட்டார்கள்.

உலோகங்கள் மூன்றுதான் என்றால் இத்துடன் கதை முடிந்தது. ஒரு கல்லை அரைத்துத் திராவகத்தில் கரைத்தால் இருபது உலோகங்கள் ஒரே நீரில் கலந்து நிற்கக்கூடும். அப்போது கேள்விகளைக் கண்டபடி கேட்டால் எல்லாம் ஒன்றாய் விழுந்து, எது எதுவென்று தெரியாத ஒரு கறுப்புச் சேறுதான் மிஞ்சும். ஆகவே கேள்விகளுக்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையைப் பலர் முயன்று வகுத்தார்கள். மாணவர் கைக்கு எட்டும்படி அதைச் சுருக்கி ஒழுங்குபடுத்தியவர் பிரெஸேனியஸ் என்னும் ஜெர்மானியர். 1841-ஆம் வருஷம் அவருடைய புஸ்தகம் வெளியானபோது அவருக்கு வயது 22. பரீக்ஷைக்குப் படிக்க வேண்டிய வயதில் அவர் எழுதிய முறையையே அதன்பின் பல தலைமுறை மாணவர்கள் பரீக்ஷைக்குப் படித்தார்கள்.

கல்யாண வீட்டில் பந்தி பந்தியாக உட்கார்த்துவது போன்றது அம்முறை. முதற்பந்திக்கு அழைப்பது உப்புத் திராவகம். வெள்ளி, காரீயம், பூர நிலையிலுள்ள பாதரஸம் ஆகிய மூன்றும் விழும். வடிகட்டி அவற்றை நீக்கிவிட்டு, எஞ்சிய நீரில் அடுத்த அழைப்பு. காரீயத்தின் படிவு சற்றே கரையுமாதலால் கொஞ்சம் தப்பி இரண்டாம் பந்தியிலும் வந்து உட்காரும். எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒருவர் இருப்பது வழக்கந்தானே!

இரண்டாம் பந்திக்கு அழைப்பது ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயு. அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. நாற்றத்தோடு நில்லாமல் விஷமும் ஆனது. ரஸாயனம் படித்தவர் எவரும் இந்த வாசனையை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. ஆனால் வாயு நாறினாலும் அதன் வேலை நேர்த்தியானது. நாம் கவனிக்க வேண்டிய சூக்ஷ்மமும் இங்கேதான் இருக்கிறது. இதே வாயுவை இரண்டு முறை பயன்படுத்துகிறார்கள்; முதல் முறை திராவகம் கலந்த நீரில், பிறகு அம்மோனியா கலந்த நீரில். இரண்டு தடவையும் விழும் உலோகங்கள் வேறு வேறு. ஏன்?

அவ்வாயு நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனிகளாகவும் ஸல்பைடு அயனிகளாகவும் பிரிகிறது. உலோகத்தைப் பிடித்து விழச் செய்வது ஸல்பைடு. திராவகம் என்றால் ஹைட்ரஜன் அயனிகள் நிறைந்த நீர் என்று அர்த்தம். ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடத்தில் மேலும் ஹைட்ரஜன் அயனிகள் பிரிந்து வருவதற்கு இடமில்லை. ஆகவே வாயு பிரிவது தடைப்படுகிறது. ஸல்பைடு மிகமிகக் குறைவாகவே உண்டாகிறது. அந்தச் சொற்பத்தையும் பற்றிக்கொண்டு விழக்கூடிய உலோகங்கள் சில உண்டு: செம்பு, பாதரஸம், பிஸ்மத், காட்மியம், வெள்ளீயம், பாஷாணம், அஞ்சனம். துத்தநாகமும் நிக்கலும் கோபால்டும் மாங்கனீஸும் அவ்வளவு சொற்பத்துக்கு மசிவதில்லை, கரைந்தபடியே நிற்கின்றன. பின்னர் அம்மோனியாவைச் சேர்த்துத் திராவகத்தை மாற்றினால் தடை நீங்குகிறது, ஸல்பைடு ஏராளமாய்ப் பெருகுகிறது, இவைகளும் விழுகின்றன. ஆக, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது வாயுவன்று, வாசலில் நிற்கும் திராவகமே. அதன் அளவு கூடிவிட்டால் விழவேண்டிய காட்மியம் தப்பிவிடும். குறைந்துவிட்டால் வரக்கூடாத துத்தநாகம் முன்கூட்டியே வந்துவிடும். ஒரு மாணவன் நாள் முழுவதும் உழைத்து இல்லாத உலோகத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த வாசற்காவலில் பிசகுவதால்தான்.

இரண்டாம் பந்தியில் விழுபவர்களின் நிறங்களைப் பார்த்தால் நமக்குப் பழைய முகங்களாகவே தோன்றும். பாஷாணம் ஸல்பைடோடு சேர்ந்து மஞ்சளாய் விழுகிறதே, அதுதான் நம் நாட்டு அரிதாரம். ஆரஞ்சு நிறமாய் விழும் அஞ்சனப் படிவு, கறுத்த அஞ்சனக்கல்லின் மறுவடிவம். கறுப்பாய் விழும் பாதரஸப் படிவை, முறைப்படி எரித்து ஆவியாக்கிப் படிய வைத்தால் சிவந்த லிங்கமாகிவிடும். சித்தர்களின் புடத்தில் கிடைத்த சரக்குகளே இங்கே கண்ணாடிக் குழாயின் அடியில் வந்து நிற்கின்றன.

மற்றப் பந்திகளைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். வாயுவைக் கொதிக்க வைத்து ஓட்டிவிட்டு, நவச்சாரமும் அம்மோனியாவும் சேர்த்தால், இரும்பு செங்காவியாகவும், அலுமினியம் கஞ்சி போன்ற வெண்மையாகவும், குரோமியம் பச்சையாகவும் விழும். அடுத்து, முன்சொன்னபடி வாயு மறுபடி வந்து துத்தநாகம் முதலியவற்றை இறக்கும். அம்மோனியம் கார்பனேட்டை விட்டால் கால்ஸியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் என்ற மூன்று உடன்பிறப்புக்களும் வெள்ளையாய் விழும். கடைசிவரை எதற்கும் விழாமல் நீரிலேயே நிற்பவை மக்னீஸியமும் ஸோடியமும் பொட்டாஸியமும். ஸோடியத்தைக் கரைசலில் தேடிப் பயனில்லை. கம்பி நுனியில் எடுத்துத் தீயில் காட்டினால், சுவாலை மஞ்சளாகித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வரிசையில் ஐந்தாம் பந்தியை, கால்ஸியத்தின் உடன்பிறப்புக்களை, வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கோருகிறேன். பேரியம் கரைந்த நீர் விஷம். ஆனால் பேரியம் ஸல்பேட் நீரிலும் கரையாது, இரைப்பையின் திராவகத்திலும் கரையாது. ஆகையால் எக்ஸ்ரே படம் எடுக்குமுன் நோயாளிகள் அதைச் சுண்ணாம்புக் கூழ்போலக் குடித்து ஒரு தீங்குமின்றி எழுந்து போகிறார்கள். பிரேஸில் தேசத்தில் 2003-ஆம் வருஷம் அந்த மருந்தில் திராவகத்தில் கரையக்கூடிய பேரியம் கார்பனேட் கலந்துவிட்டது. பார்வைக்கு அதே வெண்மை. குடித்தவர்களில் பலர் மாண்டுபோனார்கள்.

இனி, இந்தச் சல்லடையை வைத்துக்கொண்டு புதிய மூலகங்களைத் தேடியவர்களின் கதைக்கு வருவோம். ஒரு கல்லை இவ்வரிசையில் முழுதும் பிரித்தபின், எந்தப் பந்தியிலாவது பெயர் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால்? மெண்டலீவ் என்ற ருஷ்யர் 1869-ல் வகுத்த மூலக அட்டவணையில் காலி இடங்கள் இருந்தன. அவற்றை நிரப்ப வேண்டுமென்று ஆசைப்பட்டவர்களில் ஒருவர் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையிலிருந்த ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்.

எடின்பரோவில் 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவருக்கு, 1889-ல் சர்க்கார் கொடுத்த சம்பளம் மாதம் 250 ரூபாய். அதே தகுதியுள்ள வெள்ளைக்காரர்களுக்குத் திறந்திருந்த உயர்ந்த உத்தியோகம் அவருக்குத் திறக்கவில்லை. அதை எடுத்துச் சொன்னபோது, பிழைக்க வேறு வழிகளும் உண்டே என்ற தோரணையில் மேலதிகாரி பதிலளித்தாராம். ராய் வேறு வழி தேடவில்லை, ஆராய்ச்சிசாலைக்குத் திரும்பினார். நெய்யிலும் கடுகெண்ணெயிலும் நடக்கும் கலப்படத்தை ஆராய்ந்தார். பிறகு நமது நாட்டின் அபூர்வமான தாதுக்கற்களைச் சேகரித்து, அட்டவணையின் காலி இடங்களுக்குரிய மூலகம் ஏதாவது அகப்படுமா என்று பந்தி பந்தியாய்ப் பிரித்துத் தேடலானார்.

தேடிய மூலகம் அகப்படவில்லை. வேறொன்று அகப்பட்டது. பாதரஸத்தின்மேல் நீர்த்த வெடியுப்புத் திராவகத்தைக் குளிர்ந்த நிலையில் விட்டு ஒரு பாதரஸ உப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றின. சாதாரணமாக அதைத் திராவகம் குறைந்த வேறு உப்பென்று நினைத்து ஒதுக்கியிருப்பார்கள். ராயும் முதலில் அப்படித்தான் எண்ணினார். ஆனால் இத்தனை திராவகம் நிறைந்த நீரில் அத்தகைய உப்பு தோன்றுவது வழக்கத்துக்கு விரோதமாயிற்றே என்ற சந்தேகம் எழுந்தது. பரீக்ஷித்துப் பார்த்ததில், பூரத்திலிருக்கும் அதே நிலைப் பாதரஸம் ஒரு பாதி, நைட்ரைட் மறு பாதி என்று தெரியவந்தது. மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற அந்த உப்பைப் பற்றிய கட்டுரை 1896-ல் வெளியாயிற்று. அதன்பிறகு நைட்ரைட்டுகளின் ஆராய்ச்சியே அவர் வாழ்க்கையாகிவிட்டது. தாதுக்கல் வேட்டை நின்றுபோயிற்று.

அவர் விட்ட இடத்திலேயே, இரண்டு வருஷங்களுக்குள், பாரிஸ் நகரத்தில் ஒரு ஸ்திரீ தொடங்கினார். மேரி கியூரி அம்மையாரிடம் ராயிடம் இல்லாத ஒரு கருவி இருந்தது. யுரேனியம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளிவிடுகிறதென்று 1896-ல் பெக்கெரல் கண்டிருந்தார். அக்கதிர்களின் பலத்தை மின்சாரத்தால் அளக்கும் கருவி மேரியின் கணவர் பியேர் கியூரி அமைத்தது. பிச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாதுவை அளந்தபோது, அதிலுள்ள யுரேனியத்துக்குத் தகுந்ததைவிடக் கதிர்வீச்சு மிக அதிகமாய் இருந்தது. அப்படியானால் அந்தக் கல்லில் யுரேனியத்தைக் காட்டிலும் பலமான வேறொன்று இருக்க வேண்டும். அதுவோ எந்த ரஸாயனியும் இதுவரை காணாத அளவு சொற்பமாயிருக்க வேண்டும்.

தம்பதிகள் செய்தது கலாசாலை மாணவன் செய்வதேதான். கல்லைத் திராவகத்தில் கரைத்தார்கள், ஹைட்ரஜன் ஸல்பைடைச் செலுத்தினார்கள், வடிகட்டினார்கள். ஆனால் நிறத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு படிவையும் கருவியின் அருகே வைத்து, கதிர்வீச்சு எந்தப் பங்கோடு போகிறது என்று பார்த்தார்கள். இரண்டாம் பந்தியோடு ஒரு பகுதி விழுந்தது. அந்தப் பந்தியைப் பிரிக்கப் பிரிக்க, அது காரீயத்தோடு போகாமல், செம்போடு போகாமல், பிஸ்மத்தை விடாமல் தொடர்ந்தது. பிஸ்மத்துக்கோ கதிர்வீசும் குணம் கிடையாது. ஆகவே பிஸ்மத்தின் நிழலில் வேறொருவர் மறைந்திருக்கிறார். 1898 ஜூலை 18-ஆந் தேதி அதை அறிவித்து, அது உறுதிப்பட்டால் பொலோனியம் என்று பெயரிடலாமென்றார்கள். அன்று போலந்து என்ற தேசம் பூகோளப் படத்தில் இல்லை. ருஷ்யாவும் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அடிமைப்பட்ட தாய்நாட்டின் பெயரை ஒரு மூலகத்துக்கு இட்ட பெண்மணியின் மனத்தை, அடிமைத்தனத்தை அனுபவித்த நம் தேசத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

கதிர்வீச்சின் மற்றொரு பகுதி ஐந்தாம் பந்தியில் பேரியத்தோடு விழுந்தது. அதே வருஷம் டிசம்பர் 26-ஆந் தேதி ரேடியம் அறிவிக்கப்பட்டது. ஆனால் பேரியத்துக்கும் ரேடியத்துக்கும் உள்ள ஒற்றுமை சொல்லி முடியாது. ஒன்று விழும் கேள்விக்கெல்லாம் மற்றதும் விழும். எந்தப் பந்தியாலும் அவர்களைப் பிரிக்க முடியாதாகையால், குளோரைடாக்கி நீரில் கரைத்துச் சிறிது சிறிதாய்ப் படிகமாக்கினார் மேரி. ரேடியத்தின் குளோரைடு சற்றுக் குறைவாய்க் கரையுமாதலால் படிகத்தில் அதன் பங்கு கொஞ்சம் ஏறும். அந்தப் படிகத்தைக் கரைத்து மறுபடியும் படிகமாக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறும். யோவாஹிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து டன் கணக்கில் வந்த கழிவுத் தாதுவை ஒழுகும் கொட்டகையொன்றில் காய்ச்சிக் காய்ச்சி, 1902-ல் ஒரு கிராமில் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைடைத் தனியாக்கினார்.

பேரியத்தின் நிழலில் ரேடியம் ஒளிந்திருக்கும் என்பது அன்றுமுதல் ரஸாயனிகளின் பாலபாடமாயிற்று. நாற்பது வருஷங்களுக்குப் பின் அந்தப் பாடமே பெரிய மேதைகளைத் திசை திருப்பிவிட்டது.

ரோமாபுரியில் பெர்மி என்பவர் 1934-ல் யுரேனியத்தை நியூட்ரான் என்னும் துகள்களால் தாக்கிப் புதிய கதிர்வீச்சுக்களைக் கண்டார். அவை யுரேனியத்துக்கு அண்டையிலுள்ள மூலகங்கள் எவற்றின் நடத்தையையும் ஒத்திருக்கவில்லை. ஆகவே யுரேனியத்துக்கும் மேற்பட்ட புது மூலகம் பிறந்ததாக எண்ணினார். ஜெர்மனியில் இடா நோடாக் என்ற ரஸாயனி அம்மையார் அதே வருஷம் ஓர் ஆக்ஷேபணை எழுப்பினார். அண்டையிலுள்ளவர்களை, காரீயம் வரையில், விசாரித்தால் போதுமா? தெரிந்த மூலகங்கள் அத்தனையையும் விசாரித்து நீக்கியிருக்க வேண்டாமா? யுரேனிய அணு பெரிய துண்டுகளாகவே உடைந்திருக்கலாமே? கலாசாலை மாணவன் ஒரு பந்தியைக் கூட விடாமல் பார்க்க வேண்டுமென்பதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டுவிடவில்லை. அணு உடைவதாவது என்று எல்லாரும் அலக்ஷியம் செய்துவிட்டார்கள்.

பெர்லின் நகரத்தில் ஆட்டோ ஹான், லீஸ மைட்னர், பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் ஆகிய மூவரும் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். மைட்னர் அம்மையார் யூத குலத்தில் பிறந்தவர். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி 1938 ஜூலையில் ஸ்வீடனுக்குத் தப்பியோட வேண்டியதாயிற்று. மற்ற இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள். தாக்கப்பட்ட யுரேனியத்தில் பிறக்கும் அணுக்கள் சில ஆயிரங்கள்தாம். அவை தாமாக ஒரு படிவாய் விழ இயலாது. ஆகையால் கரைசலில் சிறிது பேரியத்தை வேண்டுமென்றே சேர்த்து, அதை விழச் செய்தார்கள். பேரியத்தை ஒத்தது எதுவாயினும் அதன் தோளில் ஏறிக்கொண்டு இறங்கும். ஒரு கதிர்வீச்சு அவ்வாறே இறங்கியது. பேரியத்தோடு விழுவது யார்? ரேடியம்! சந்தேகமென்ன?

ஸ்வீடனிலிருந்த மைட்னருக்கு ரேடியம் என்பது ஒப்பவில்லை. நன்றாய்ச் சோதிக்கும்படி நவம்பரில் ஹானிடம் சொன்னார். டிசம்பர் மாதம் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் மேரி கியூரியின் பழைய வழியில் இறங்கினார்கள். படிகமாக்கிப் படிகமாக்கிப் பேரியத்திலிருந்து தங்கள் ரேடியத்தைப் பிரிக்க முயன்றார்கள். அது பிரியவில்லை. முறையில்தான் பழுதோ என்று, உண்மையான ரேடியம் என்று தெரிந்த ஒன்றை அதே கரைசலில் கலந்து செய்து பார்த்தார்கள். கலந்த ரேடியம் ஒழுங்காகப் பிரிந்து படிகத்தில் ஏறிற்று. தங்களுடையது ஏறாமல் பேரியத்தோடு சரிசமமாகவே நின்றது. அது பேரியத்தின் நிழலில் ஒளிந்தவர் அல்லர், பேரியமேதான்.

யுரேனியத்தின் எண் 92. பேரியத்தின் எண் 56. பாதி வழியில் இருக்கும் பேரியம் யுரேனியத்தில் எப்படிப் பிறக்கும்? டிசம்பர் 19-ஆந் தேதி இரவு ஹான் மைட்னருக்குக் கடிதம் எழுதி, இதற்கு ஏதேனும் விளக்கம் தோன்றுகிறதா என்று கேட்டார். 1939 ஜனவரி 6-ஆந் தேதி வெளியான கட்டுரையிலும் அவர்கள் தயங்கியே எழுதினார்கள். ரஸாயனிகள் என்ற முறையில் பேரியம் என்று சொல்லத்தான் வேண்டும், ஆனால் பௌதிக சாஸ்திரத்தின் அனுபவம் முழுவதற்கும் எதிராய்ச் செல்லத் துணிவு வரவில்லை என்றார்கள். இதற்குள் ஸ்வீடனில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த தம் சகோதரி மகன் ஆட்டோ பிரிஷுடன் பனியில் உலாவப் போன மைட்னர், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காகிதத்துண்டில் கணக்குப் போட்டுவிட்டார். யுரேனிய அணு நீர்த்துளி போல் இரண்டாய்ப் பிளக்கிறது. 56 போக 36, அது கிரிப்டான். பிளக்கும்போது வெளிப்படும் சக்தி 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட். அடுத்த ஏழு வருஷத்துக்குள் அந்தக் கணக்கு ஹிரோஷிமாவில் மெய்யாயிற்று. 1944-ஆம் வருஷத்து ரஸாயன நோபல் பரிசை ஹானுக்கு மட்டும் கொடுத்தார்கள். மைட்னருக்குக் கொடுக்காதது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். விழுந்த படிவை நம்பத் தைரியம் கொடுத்தது அவருடைய கணக்குத்தான்.

யுரேனியம் எப்போதும் ஒரே அளவாய்ப் பிளப்பதில்லை. சில சமயம் 38-ம் 54-மாகவும் பிளக்கும். 38 என்பது ஐந்தாம் பந்தியின் மற்றோர் உடன்பிறப்பாகிய ஸ்ட்ரான்ஷியம். அணுகுண்டுப் பரீக்ஷைகள் ஆகாயத்தில் நடந்த காலத்தில், ஸ்ட்ரான்ஷியம்-90 தூசியாய்ப் பறந்து புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கிற்று. அதன் கதிர்வீச்சு பாதியாய்க் குறைய ஏறக்குறைய 29 வருஷம் வேண்டும். நம் உடம்புக்குக் கால்ஸியத்துக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. எலும்பு வளரும் குழந்தை இரண்டையும் வாங்கி எலும்பிலும் பல்லிலும் வைத்துக்கொள்ளும். ரஸாயனிக்கு வித்தியாசம் தெரியும். புகையும் நைட்ரிக் திராவகத்தில் ஸ்ட்ரான்ஷியம் விழுந்துவிடும். கால்ஸியம் கரைந்தே நிற்கும். நிமிஷக் கணக்கில் உலோகங்களை எண்ணித் தரும் யந்திரங்கள் இன்று வந்துவிட்டன. கல்லூரிகளிலும் அழுகிய முட்டை நாற்றம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் ஸ்ட்ரான்ஷியம்-90 விஷயத்தில் இவ்வாறு பிரித்தெடுத்து அளக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

நம் ஊரில் விழுந்த பாற்பல்லைச் சாணியுருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிவார்கள். அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் 1958-ஆம் வருஷக் கடைசியில், விழும் பாற்பற்களைத் தங்களுக்கு அனுப்பும்படி விஞ்ஞானிகளும் ஊர்ப் பெண்மணிகளும் தாய்மாரைக் கேட்டுக்கொண்டார்கள். லூயிஸ் ரைஸ் என்ற பெண் டாக்டர் வேலையை நடத்தி வைத்தார். அனுப்பிய குழந்தைக்கு, விஞ்ஞானத்துக்குப் பல் கொடுத்ததற்கு அடையாளமாக, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. 1970-க்குள் சுமார் மூன்று லக்ஷம் பற்கள் சேர்ந்தன. பரிசோதித்ததில், குண்டுப் பரீக்ஷைகள் பெருகிய வருஷங்களில் பிறந்த குழந்தைகளின் பல்லில் ஸ்ட்ரான்ஷியம்-90 ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. ஆகாயத்தில் குண்டுப் பரீக்ஷை செய்வதில்லையென்று அமெரிக்காவும் பிரிட்டனும் ருஷ்யாவும் 1963 ஆகஸ்டு 5-ஆந் தேதி மாஸ்கோவில் கையெழுத்திட்டன. அதன்பின் சில வருஷங்கள் கழித்துப் பிறந்த குழந்தைகளின் பற்களில் அந்த அளவு இறங்கியிருந்தது.